மேலும் கீழும் கறுப்பு: ரீவி மொனிட்டரான கதை

எங்கள் வீட்டு ஹோலில் 43 அங்குல 4கே ரீவி ஒன்று இருக்கிறது. அதை என்னுடைய அறைக்குக் கொண்டுபோக வீட்டில் விடவில்லை. ஆகவே மேசையும் பி.சி.யும் ஹோலுக்கு வந்தன. இரவு ஒன்பதரை வரைக்கும் ரீவி அம்மாவின் நாடகங்களுக்கு, அதுக்குப் பிறகு எனக்கு. ஒப்பந்தம் அப்படி.

முதல் நாள் இரவு நான் ரெசொலூஷனை 3840×1600 என்று மாற்றிவிட்டு கார் ஓட்டிக்கொண்டிருந்தேன். தண்ணி குடிக்க எழும்பி வந்த அம்மா அப்படியே நின்றுவிட்டார்.

“உதென்ன, மேலயும் கீழயும் கறுப்பாய்க் கிடக்கு? ரீவியைப் பழுதாக்கிப்போட்டியோ?”

“இல்லையம்மா, நான்தான் அப்பிடி வச்சிருக்கிறன்.”

“காசு குடுத்து வாங்கின ரீவியில பாதியை ஏனடா மூடி வச்சிருக்கிறாய்?”

கேள்வி நியாயமானதுதான். பாதி இல்லை, கால்வாசி. 4கே திரையில் 3840×2160, ஏறத்தாழ 83 இலட்சம் பிக்சல்கள். நான் பாவித்தது 61 இலட்சம். மேலே 280 வரி, கீழே 280 வரி சும்மா கறுப்பாய் நிற்கும். அதுக்குப் பதிலாக எனக்குக் கிடைப்பது அகலம். பெரும்பாலான முப்பரிமாண கேம்களில் மேலிருந்து கீழாகப் பார்க்கும் கோணம் மாறாது. திரையின் வடிவம் அகலமானால் பக்கவாட்டில் கூடத் தெரியும். வழமையான 16:9 திரையில் 90 பாகை தெரிகிற கேம், 3840×1600 இல் 107 பாகையைக் காட்டும். கார் ஓட்டும்போது பக்கத்தில் வருகிறவன் தெரிவான். கிராபிக்ஸ் கார்ட் வரையவேண்டிய பிக்சலும் கால்வாசி குறைகிறது. என்னுடையதைப்போல வயசுபோன கார்ட்டுக்கு அது பெரிய ஆறுதல்.

34 அங்குல அல்ட்ராவைட் மொனிட்டர் ஒன்று 31 அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடின அகலமும் 13 அங்குல உயரமும் இருக்கும். கறுப்புப் பட்டைகளைக் கழித்துவிட்டாலும் என்னுடைய ரீவி 37.5 அங்குல அகலம், 15.6 அங்குல உயரம். அதாவது 40 அங்குல அல்ட்ராவைட், ஏற்கெனவே வீட்டில் இருக்கிற சாமானில். அல்ட்ராவைட் மொனிட்டர் விலை தெரிந்த ஆட்களுக்கு இதுக்குமேல் விளக்கம் தேவையில்லை.

ஆனால் சும்மா வயரைக் குத்திவிட்டு விளையாட முடியாது. மெனுவுக்குள் போய் நாலைந்து விசயங்களை நிப்பாட்ட வேண்டும். படத்தின் ஓரம் வெட்டுப்படாமல் ஒன்று, எழுத்து மங்காமல் ஒன்று, மவுஸ் பிந்தாமல் ஒன்று. ஒவ்வொன்றாய் நிப்பாட்டிக்கொண்டு போகும்போது எனக்கு வேறொரு கேள்வி வந்தது. இதுகளை எல்லாம் முதலில் ஏன் வச்சாங்கள்? அதைத் தேடப்போய்த்தான் இவ்வளவும்.

கேம் விளையாட ரீவியைப் பாவிப்பது புது யோசனை இல்லை. வீட்டுக்குள் கேம் வந்ததே ரீவியின் முதுகில் ஏறித்தான். 1962 இல் எம்.ஐ.ரி. மாணவர்கள் செய்த ஸ்பேஸ்வோர் கேமுக்கு வட்டமான திரை இருந்தது. ஆனால் அது பி.டி.பி-1 என்ற கணினியோடு சேர்ந்தது, வீட்டில் வைக்கிற சாமான் இல்லை. 1966 இல் ரால்ஃப் பேர் என்ற பொறியியலாளர் நாலு பக்கத்தில் ஒரு யோசனையை எழுதினார். அமெரிக்காவில் இலட்சக்கணக்கான வீடுகளில் ரீவிப் பெட்டி இருக்கிறது, அதில் ஒளிபரப்பைப் பார்ப்பதைத் தவிர வேறு ஏதும் செய்ய ஏலாதா? நாஸிகளிடமிருந்து தப்பி 1938 இல் ஜேர்மனியை விட்டு வந்த யூதக் குடும்பத்துப் பிள்ளை அவர். அந்த நாலு பக்கம்தான் 1972 இல் மக்னவொக்ஸ் ஒடிசி என்ற முதல் வீட்டுக் கொன்சோலாகக் கடைக்கு வந்தது. அதால் சில வெள்ளைப் புள்ளிகளையும் ஒரு கோட்டையும் தவிர வேறொன்றும் வரைய முடியாது. மைதானம், வீடு, நிறம் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் தாளில் அச்சடித்து வந்தது. அதை ரீவிக் கண்ணாடியில் ஒட்டிவிட்டு விளையாட வேண்டும். கிராபிக்ஸ் கார்ட் இல்லாத காலத்து கிராபிக்ஸ்!

பிறகு 1982 இல் இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம், கொமடோர் 64 என்ற வீட்டுக் கணினிகள் வந்தன. இரண்டும் ரீவியில் குத்துகிறவைதான். ஸ்பெக்ட்ரம் 256×192 புள்ளிகளைத் திரையின் நடுவில் வரையும், சுற்றிவர ஒரு நிறப் பட்டை நிற்கும். அந்தப் பட்டை அலங்காரத்துக்கு வந்ததில்லை. பழைய குழாய் ரீவிகள் படத்தின் ஓரத்தை உள்ளே தள்ளி மறைத்துத்தான் காட்டும். மின்னழுத்தம் கூடிக் குறைந்தால், பாகங்கள் வயசுபோனால் படம் சுருங்கும். அப்போது ஓரத்தில் இடைவெளி தெரியாமலிருக்க, படத்தைத் திரையைவிடக் கொஞ்சம் பெரிதாகவே வரைவார்கள். ஓவர்ஸ்கான் என்று பெயர். நாடகம் பார்க்கிறவருக்கு ஓரத்தில் கொஞ்சம் போனால் ஒன்றுமில்லை. கேமில் ஸ்கோரும் உயிர்க்கணக்கும் ஓரத்தில்தானே இருக்கிறது? ஆகவே நடுவில் மட்டும் வரைந்தார்கள். குழாய் ரீவி போய், ஒவ்வொரு பிக்சலும் அதனதன் இடத்தில் அசையாமல் இருக்கிற தட்டைத் திரை வந்த பிறகும், கனக்க ரீவிகள் பெட்டியால் எடுத்தவுடன் ஓரத்தை வெட்டித்தான் காட்டும். மெனுவில் ‘ஜஸ்ட் ஸ்கான்’ என்றோ ‘1:1’ என்றோ ஒன்றைத் தேடி மாற்றுகிறோமே, 1950களின் தளர்ந்த குழாய்க்குச் செய்த வைத்தியத்தைத்தான் நிப்பாட்டுகிறோம்.

கேமுக்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டை வந்ததும் முதல் தடவை இல்லை. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் ரீவி 525 வரி, செக்கனுக்கு 60 தடவை. ஐரோப்பாவின் பால் முறையில் 625 வரி, 50 தடவை. 1982 இல் ஜப்பானின் உதவியோடு ரூபவாஹினி தொடங்கியபோது நாங்களும் இந்தப் பால் பக்கம்தான். ஜப்பானில் 60க்கு எழுதின கேமை அப்படியே 50க்கு விட்டால் என்ன நடக்கும்? கூடின வரிகளை நிரப்ப ஆளில்லாமல் மேலும் கீழும் கறுப்பு நிற்கும், படம் அமத்தினது மாதிரித் தட்டையாகத் தெரியும், கேமும் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். ஐரோப்பாவில் ஒரு தலைமுறைப் பிள்ளைகள் சொனிக்கின் உண்மையான வேகம் அதுதான் என்று நினைத்தே வளர்ந்தார்கள். பாட்டு உட்பட எல்லாம் மெதுவாய்!

ரீவியும் மொனிட்டரும் பிரிந்ததுக்குக் காரணம் எழுத்து. ஒரு வரியில் 40 எழுத்துக்கு மேல் போட்டால் வீட்டு ரீவியில் அது கலங்கிவிடும். கணக்கு எழுத, கடிதம் அடிக்க 80 எழுத்து வேண்டும். 1981 இல் ஐ.பி.எம். பி.சி. வந்தபோது அதனோடு எழுத்துக்கென்றே பச்சை நிறத் திரை ஒன்றும் வந்தது. அதுக்குப் பிறகு ரீவி ஹோலுக்கும் மொனிட்டர் மேசைக்கும் என்று சொத்துப் பிரிந்தது.

கலங்குவதற்கும் ஒரு கதை இருக்கிறது. 1953 இல் அமெரிக்கா கலர் ஒளிபரப்பு முறையை அங்கீகரித்தபோது, ஏற்கெனவே வீடுகளில் இருந்த கறுப்பு-வெள்ளை ரீவிகளைக் குப்பையில் போடச் சொல்ல முடியாது. ஆகவே பழைய சிக்னலின் இடத்துக்குள்ளேயே நிறத்தையும் நெருக்கி அடைத்தார்கள். எங்கள் கண் வெளிச்சத்தின் நுணுக்கத்தைப் பார்க்கிற அளவுக்கு நிறத்தின் நுணுக்கத்தைப் பார்ப்பதில்லை. அதனால் நிறத்தை மட்டும் குறைத்து அனுப்பினார்கள், யாரும் பெரிதாக உணரவில்லை. கெட்டிக்காரத்தனமான வேலை. அந்தப் பழக்கம் டிஜிட்டல் வீடியோவுக்கும் வந்து இன்றுவரை தொடர்கிறது. படத்தில் தெரியாது. கறுப்புப் பின்னணியில் சிவப்பு எழுத்தை ஒன்றரை முழத்தில் இருந்து வாசித்துப் பாருங்கள், விளங்கும். பல ரீவிகளில் அந்த எச்.டி.எம்.ஐ. துளைக்கு ‘பி.சி.’ என்று பெயரை மாற்றினால்தான் முழு நிறமும் வரும். வெறும் பெயர் மாற்றம் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன்.

பிந்துவது மூன்றாவது. நின்டென்டோவின் டக் ஹன்ட் கேமைத் தெரிந்திருக்கும், துவக்கால் தாராவைச் சுடுகிறது. அந்தத் துவக்கு தட்டைத் திரையில் வேலை செய்யாது. விசையை அமத்தினவுடன் திரை ஒரு கணம் கறுப்பாகி, தாரா நின்ற இடம் மட்டும் வெள்ளைச் சதுரமாக மினுங்கும். துவக்கின் கண் அந்த வெளிச்சத்தைப் பிடிக்க வேண்டும். குழாய் ரீவி சிக்னல் வந்த அதே கணம் வரைந்துவிடும். எல்.சி.டி. ரீவி படத்தை வாங்கி வைத்து, கூர்மையாக்கி, அசைவை மெழுகிவிட்டுத்தான் காட்டும். ஒளிபரப்பு அரைச் செக்கன் பிந்தினால் யாருக்குத் தெரியப்போகுது? கிட்டார் ஹீரோ, ராக் பேண்ட் போன்ற கேம்கள் ரீவி எவ்வளவு பிந்துகிறது என்று அளந்து சரிபார்க்கத் தனி மெனுவே வைத்திருந்தன. ‘கேம் மோட்’ என்பது ரீவியைப் பார்த்து “நீ ஒண்டும் செய்யாதை, சும்மா காட்டு” என்று சொல்வதுதான்.

இந்த மூன்றுக்கும் வேர் ஒன்று. ரீவி, தூர இருந்து கனபேர் சேர்ந்து பார்க்கிற சாமான். மொனிட்டர், கிட்ட இருந்து ஒராள் பார்க்கிறது. “கிட்ட இருந்து பாக்காதை, கண் கெட்டுப்போகும்” என்று வீட்டுக்கு வீடு சொல்லும் பேச்சுக்கும் ஒரு காலத்தில் காரணம் இருந்தது. 1967 இல் அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் விற்ற சில கலர் ரீவிகளில் இருந்து அளவுக்கு மிஞ்சி எக்ஸ்-கதிர் கசிவது தெரியவந்தது, அடுத்த ஆண்டே அதைக் கட்டுப்படுத்தச் சட்டம் போட்டார்கள். இப்போதைய திரைகளில் அந்தக் குழாயே இல்லை. அம்மாவுக்கு இதைச் சொன்னேன். “அப்பவும் கிட்ட இருக்காதை” என்றார்.

சரி, அகலத்துக்கு வருவோம். 4:3 வடிவம் 1890களின் தொடக்கத்தில் எடிசனின் கூடத்தில் டிக்சன் என்பவர் 35 மி.மீ. படச்சுருளில் வெட்டின சட்டம். சினிமா அதைப் பிடித்துக்கொண்டது, பின்னால் வந்த ரீவி சினிமாவைப் பார்த்து அதையே எடுத்தது. 1950களில் அமெரிக்கர்கள் வீட்டிலேயே ரீவிக்கு முன்னால் இருந்துவிட, தியேட்டர்கள் காலியாகின. சினிமா என்ன செய்தது? ரீவியால் ஏலாத ஒன்றைச் செய்தது, அகண்டது. 1952 இல் மூன்று புரொஜெக்டரை ஒன்றாக ஓட்டும் சினெராமா. 1953 இல் தி ரோப் படத்தோடு சினிமாஸ்கோப். அந்த அகலம் அழகுணர்ச்சியில் மட்டும் வந்ததில்லை, ரீவிக்குப் பயந்தும் வந்தது.

பிறகு அந்த அகண்ட படங்களும் ரீவிக்கே வந்தன. பக்கத்தை வெட்டினால் ஆள் காணாமல் போவார், வெட்டாமல் விட்டால் மேலும் கீழும் கறுப்பு. 1980களில் புதிய ரீவிக்கு வடிவம் தேடியபோது, கேர்ன்ஸ் பவர்ஸ் என்ற பொறியியலாளர் புழக்கத்திலிருந்த எல்லா வடிவங்களையும் ஒரே பரப்பளவுள்ள செவ்வகங்களாக வெட்டி ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார். எல்லாவற்றையும் வெளியே அணைக்கிற செவ்வகமும், உள்ளே எல்லாவற்றுக்கும் பொதுவான செவ்வகமும் ஒரே விகிதம், ஏறத்தாழ 1.77. அதுதான் 16:9. பழைய ரீவி நிகழ்ச்சிக்குப் பக்கத்தில் கொஞ்சம் கறுப்பு, சினிமாஸ்கோப்புக்கு மேலும் கீழும் கொஞ்சம் கறுப்பு. ஒருவருக்கும் முழுதாய்ப் பொருந்தாத, ஒருவரையும் முழுதாய்க் கைவிடாத வடிவம்.

மேசையில் இருந்த ஆட்களிடம் யாரும் கேட்கவில்லை. அப்போது நல்ல அகண்ட மொனிட்டர்கள் 16:10, 1920×1200. ரீவிச் சந்தை பெரிது, ஒரே கண்ணாடித் தட்டில் இரண்டுக்கும் ஒரே வடிவத்தை வெட்டினால் மலிவு. 2008க்குப் பிறகு இரண்டு மூன்று ஆண்டுக்குள் மொனிட்டர்கள் 1920×1080 ஆகிவிட்டன. 120 வரி போய்விட்டது என்று புறோகிராமர்கள் இன்றைக்கும் புறுபுறுப்பார்கள்.

கேம் விளையாடுகிறவர்களுக்கு அகல ஆசை அதுக்கு முன்னமே இருந்தது. 1980களின் பின்பாதியில் தைத்தோவின் டேரியஸ் ஆர்கேட் கேம் மூன்று திரையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணாடியால் ஒட்டுத் தெரியாமல் மறைத்தது. 1993 இல் வந்த டூம் கேமின் ஆரம்பப் பதிப்பை மூன்று கணினியை வயரால் தொடுத்து இடம், நடு, வலம் என்று மூன்று திரையில் ஓட்டலாம். மூன்று கணினி வைத்திருந்த ஆட்கள் எத்தனை பேரோ! 2009 இல் ஏ.எம்.டி.யின் ஐஃபினிட்டி அதை ஒரு கார்ட்டோடு முடித்தது, ஆனால் மொனிட்டர்களின் சட்டம் படத்துக்கு நடுவில் யன்னல் கம்பி மாதிரி நிற்கும்.

எனக்கு ஆகப் பிடித்த இடம் இதுதான். அதே 2009 இல் பிலிப்ஸ் கொம்பனி சினிமா 21:9 என்று 56 அங்குல ரீவி ஒன்றை விட்டது. 2560×1080. சினிமாஸ்கோப் படம் பட்டையில்லாமல் நிறையும். ஆனால் செய்தி, நாடகம், விளையாட்டு எல்லாம் 16:9 இல்தான் வரும், அதுகளுக்குப் பக்கத்தில் கறுப்பு. விலையும் கூட. 2012 இல் பிலிப்ஸ் அதைக் கைவிட்டது. அதே ஆண்டு எல்.ஜி. 29 அங்குல மொனிட்டர் ஒன்றை அறிவித்தது, அதே 2560×1080. ஹோலில் தோற்ற வடிவம் மேசையில் வென்றது. அல்ட்ராவைட் என்று இன்றைக்கு நாங்கள் காசு சேர்க்கிற சாமான் முதலில் ரீவியாகத்தான் பிறந்தது. பெட்டியில் 21:9 என்று போட்டிருந்தாலும் அந்த விகிதம் உண்மையில் 64:27. டிக்சனின் 4:3 ஐ அதே 4:3 ஆல் பெருக்கினால் 16:9, இன்னொருக்கால் பெருக்கினால் 64:27. கணக்கில் விருப்பமான ஆட்கள் கல்குலேட்டரில் அடித்துப் பார்க்கலாம்.

ரீவி திரும்ப மேசைக்கு வந்தது 4கேயோடு. 2012 இல் சொனியின் 84 அங்குல 4கே ரீவி 25,000 டொலர். அடுத்த ஆண்டு செய்க்கி என்ற, அதுவரை பெரிதாய் யாரும் கேள்விப்படாத பெயரில் 39 அங்குல 4கே ரீவி அமெரிக்காவில் 700 டொலருக்கு வந்தது. புறோகிராமர்கள் அதை வாங்கி மேசையில் வைத்தார்கள். அப்போதைய எச்.டி.எம்.ஐ. 1.4 வயரால் 4கேயை செக்கனுக்கு 30 தடவைதான் அனுப்ப முடியும். மவுஸ் அம்பு தண்ணிக்குள் நடக்கிற மாதிரிப் போகும். எழுத்துக்குக் காணும், கேமுக்குக் காணாது. 2013 இல் எச்.டி.எம்.ஐ. 2.0 அதை 60 ஆக்கியது, 2017 இல் வந்த 2.1 வயர் 120க்குக் கொண்டுபோனது. 2020 இல் எல்.ஜி.யின் சி.எக்ஸ். 48 அங்குல ஓலெட் ரீவியை மொனிட்டராகவே நினைத்து வாங்கினார்கள். 2021 இல் சாம்சங் தன்னுடைய ரீவி மெனுவுக்குள்ளேயே 21:9, 32:9 என்று போட்டுவிட்டது. நாங்கள் களவாய்ச் செய்த வேலைக்கு கொம்பனி றிமோட்டில் பட்டன் தந்தது.

ஓலெட் திரையில் கறுப்புப் பட்டை என்றால் பிக்சல் அணைந்தே இருக்கும், இருட்டு அறையில் பட்டை இருப்பதே தெரியாது. ஆனால் நாள் முழுக்க நடுவை மட்டும் பாவித்தால் நடு முதலில் களைக்கும், பிறகு முழுப்படம் போடும்போது வித்தியாசம் தெரியலாம். என்னுடையதைப்போல எல்.சி.டி. என்றால் அந்தப் பயம் குறைவு, ஆனால் பின்விளக்கு கசிந்து பட்டை சாம்பலாய்த் தெரியும். மலிவான 4கே ரீவிகள் 60 தடவைக்கு மேல் போகாது. மேசையும் ஒரு மீட்டராவது தள்ளி இருக்க வேண்டும். போட்டி கேம் விளையாடுகிறவருக்கு நான் இதைச் சொல்லமாட்டேன். கார், விமானம், கதை கேம் என்றால் தாராளமாய்ச் செய்யலாம். கிராபிக்ஸ் கார்ட்டின் மென்பொருளில் 3840×1620 அல்லது 3840×1600 என்று புது ரெசொலூஷனை எழுதி, ‘நோ ஸ்கேலிங்’ என்று விடுங்கள். இல்லாவிட்டால் படத்தை இழுத்து நீட்டி எல்லாரையும் ஒல்லியாக்கிவிடும்.

எல்லா கேமும் அகலத்தைத் தராது என்பதையும் சொல்ல வேண்டும். கூடத் தெரிவது நியாயமா என்று கேம் செய்கிறவர்களுக்கும் ஒரு வழக்கு இருக்கிறது. 2016 இல் வந்த ஓவர்வொட்ச், 21:9 திரைக்கு இடம் கொடுத்தபோது பக்கத்தில் கூட்டாமல் மேலும் கீழும் வெட்டித்தான் கொடுத்தது. அகண்ட திரை வாங்கினவனுக்குக் குறையத் தெரிந்தது! பிறகுதான் மாற்றினார்கள். எல்டன் ரிங் 16:9 ஐத் தாண்டவே மாட்டேன் என்றது. கவுண்டர்-ஸ்ட்ரைக்கில் தொழில்முறை வீரர்கள் பலர் இன்றைக்கும் நல்ல 16:9 மொனிட்டரில் 4:3 ஐப் போட்டுத்தான் விளையாடுகிறார்கள். பழக்கம் ஒரு காரணம், எதிரி அகலமாய்த் தெரிய இழுத்து விடுவது இன்னொன்று.

போன சனிக்கிழமை நண்பன் ஒருவன் வந்தான், கவுண்டர்-ஸ்ட்ரைக் பைத்தியம். என்னுடைய 3840×1600 ஐப் பார்த்துச் சிரித்துவிட்டு, செட்டிங்ஸைத் திறந்து 4:3 ஐ இழுக்காமல் அப்படியே போட்டான். 43 அங்குலத்தில் டிக்சனின் சட்டம், இடமும் வலமும் கறுப்பு. தேத்தண்ணி கொண்டுவந்த அம்மா தட்டை மேசையில் வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தார்.

“இப்ப பக்கத்திலயும் வந்திட்டுதே?”

அவன் விளங்கப்படுத்த வெளிக்கிட்டான். நான் தேத்தண்ணியை எடுத்தேன்.